பைக்கில் ஃபுட்போர்டு வீட்டிலேயே மாட்டலாமா? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பெனி கொடுத்த ஃபுட்ரெஸ்டைக் கழற்றிவிட்டு, முழுப் பாதத்தையும் வைக்கிற மாதிரி நீளமான ஃபுட்போர்டு மாட்டும் ஆசை புல்லட், அவெஞ்சர் வைத்திருக்கும் பலருக்கும் உண்டு. நம் பக்கத்தில் இது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். இந்தியாவில் புல்லட் உருவானதே திருவொற்றியூர் தொழிற்சாலையில்தானே. தண்டையார்பேட்டையிலும் காலடிப்பேட்டையிலும் அப்பா ஓட்டிய வண்டியை மகன் வைத்திருக்கும் வீடுகள் நிறைய.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்டை மாட்டுவது சுலபம். மாட்டிய பிறகு பிரேக் பெடலும் கியர் லிவரும் காலுக்குச் சரியாக வர வேண்டும், வேலை முழுக்க அதில்தான் இருக்கிறது. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

ஃபுட்ரெஸ்ட் இருக்கும்போது ஃபுட்போர்டு எதற்கு?

ஃபுட்ரெஸ்டில் காலின் எடை ஒரே இடத்தில் இறங்கும். போர்டில் அது பாதம் முழுவதும் பரவும். எஞ்சின் அதிர்வும் உள்ளங்காலில் ஒரே புள்ளியில் குத்தாது. எல்லாவற்றையும்விட, காலை முன்னே பின்னே நகர்த்தி முழங்காலின் மடிப்பை மாற்றிக்கொள்ளலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகிறவர்களுக்கு இது நிஜமான நிம்மதி. ஆனால் வண்டி வேகமாகவும் ஓடாது, மைலேஜும் கூடாது. அழகுக்காக மட்டும் என்றால் இவ்வளவு வேலை தேவையா என்று ஒருமுறை யோசியுங்கள்.

எந்த வண்டிக்குப் பொருந்தும்?

கால் இருக்கைக்கு நேர் கீழேயோ அதற்கு முன்னாலோ வரும் வண்டிகளுக்குப் பொருந்தும். புல்லட், கிளாசிக், மீட்டியோர், அவெஞ்சர் எல்லாம் இந்த வகை. ஃபுட்ரெஸ்ட் பின்னுக்குத் தள்ளி இருக்கும் ஸ்போர்ட்ஸ் வண்டிகளுக்கு வேண்டாம், பெடலும் லிவரும் எட்டவே எட்டாது. 125 சிசிக்கு உட்பட்ட புதிய வண்டிகளிலும் கவனம் வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இவற்றில் பெரும்பாலானவற்றில் சிபிஎஸ் இருக்கும், அதாவது பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அந்தப் பெடலின் உயரத்தை வீட்டில் மாற்றக் கூடாது.

போர்டு, பிராக்கெட், போல்ட் எல்லாம் சேர்ந்து வரும் கிட் வாங்கும்போது வண்டியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், எந்த ஆண்டு மாடல் என்பதையும் சொல்லுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் எஞ்சின், ஃபிரேம், பிரேக் எல்லாம் மாறியிருக்கும். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் கியர் வலது காலுக்கும் பிரேக் இடது காலுக்கும் வரும். புதிய மாடலுக்கான கிட் அதில் உட்காராது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கப் போகிறவர்கள் முடிந்தால் வண்டியிலேயே போய்விடுங்கள், வைத்துப் பார்த்து வாங்கலாம்.

பட்டறையில் செக்கர் பிளேட்டை வெட்டி அடித்துக் கொடுக்கிறார்கள். அது மலிவாயிற்றே?

மலிவுதான், ஆனால் வேண்டாம். நல்ல ஃபுட்போர்டு கீல் வைத்து மேல்நோக்கி மடியும்படி இருக்கும். வளைவில் தரையில் உரசினால் அது மடிந்து விலகிக்கொடுக்கும், வண்டி சக்கரத்தில்தான் நிற்கும். மடியாத பிளேட் தரையில் ஊன்றினால் பின் சக்கரத்தையே தூக்கிவிடும். வண்டி சாய்ந்து விழுந்தால் பிளேட்டின் மூலை கெண்டைக்காலைக் கிழிக்கும். ஃபிரேமில் நேராக வெல்டு வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். வெல்டு வைத்த இடத்தில் ஃபிரேமின் பலம் குறையும். எஃப்ஐ (மின்னணு முறையில் பெட்ரோல் செலுத்துவது), ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்) உள்ள வண்டியில் பேட்டரியைக் கழற்றாமல் வெல்டு வைத்தால் மின்னணு யூனிட்டும் போகலாம்.

போலீஸ் பிடிப்பார்களா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் பதிவான விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின் கீழ் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளில் போல்ட்டால் மாட்டி, எப்போது வேண்டுமானாலும் கழற்றக்கூடிய போர்டு வேறு, ஃபிரேமை வெட்டுவதும் வெல்டு வைப்பதும் வேறு. வண்டி வாரண்டியில் இருந்தால் சர்வீஸ் சென்டரிலும், இன்சூரன்ஸ் கம்பெனியிலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாட்டுங்கள். கிளெய்ம் நேரத்தில் வாக்குவாதம் வராமல் இருக்கும்.

என்னென்ன டூல்ஸ் வேண்டும்?

ரிங் ஸ்பானர், பாக்ஸ் ஸ்பானர் செட், அலன் கீ, நோஸ் பிளையர், அளவு டேப், துரு இளக்கும் ஸ்ப்ரே, கிரீஸ், நீல நிற த்ரெட் லாக்கர் (போல்ட் அதிர்வில் தளராமல் இருக்க மரையில் போடும் பசை), ஒரு வயர் பிரஷ். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் மிக நல்லது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்த ஒரு சமமான இடம் வேண்டும். சந்து சரிவாக இருந்தால் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் பார்க்கிங் மாதிரி சிமெண்ட் தரை உள்ள இடமாகப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டி என்றால், சாயாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் கட்டாயம்.

கிட்டோடு வரும் போல்ட்டையே போடலாமா, ஸ்டெயின்லெஸ் வாங்கலாமா?

நம் ஊருக்கு இது முக்கியமான கேள்வி. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் கடலை ஒட்டியவை. உப்புக் காற்று எந்நேரமும் இருக்கும், அதோடு லாரித் தூசி. மெல்லிய துத்தநாக முலாம் போட்ட போல்ட் இங்கே சீக்கிரம் பழுப்பேறிவிடும். ஒரு வருஷம் கழித்துக் கழற்றப் போனால் தலை உருண்டுவிடும்.

ஸ்டெயின்லெஸ் என்று கேட்டால் கடையில் பெரும்பாலும் 304 கொடுப்பார்கள். உப்பை இன்னும் நன்றாகத் தாங்குவது 316, அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது. ஆனால் துருப்பிடிக்காது என்பதால் பலம் அதிகம் என்று அர்த்தமில்லை. தலையில் 8.8 என்று பொறித்த சாதாரண ஸ்டீல் போல்ட்டின் இழுவிசைத் தாங்குதிறன் 800 மெகாபாஸ்கல். ஏ2-70 என்று பொறித்த ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு அது 700. ஆகவே என் யோசனை இது: போர்டின் பிராக்கெட் ஃபிரேமில் சேரும் இடத்தில் 8.8 போட்டு, வெளியே தெரியும் பாகத்தில் கிரீஸோ பெயின்ட்டோ பூசிவிடுங்கள். ரப்பரைப் பிடிக்கும் சின்னத் திருகுகள் போன்றவற்றுக்கு ஸ்டெயின்லெஸ் போதும். தலையில் எண்ணே இல்லாத போல்ட்டை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். பாரிமுனை செம்புதாஸ் தெரு பக்கம் போனால் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்கலாம்.

அலுமினிய போர்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால், உப்பு ஈரம் படும்போது இரண்டுக்கும் நடுவில் மின்வேதியியல் அரிப்பு நடக்கும். அதில் கரைவது அலுமினியம், வெள்ளைப் பொடியாக உதிரும். நடுவில் கிரீஸ் தடவி மாட்டினால் ஈரம் புகாது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டையே போட்டு வேகமாக முறுக்கினால் மரை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அங்கேயும் கொஞ்சம் கிரீஸ், கூடவே பொறுமை.

சரி, கழற்றி மாட்டுவது எப்படி?

முதல் நாள் ராத்திரியே பழைய போல்ட்டுகளில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற விடுங்கள். காலையில் எல்லாக் கோணத்திலும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினும் சைலன்ஸரும் ஆறியிருக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். வாஷர் எந்தப் பக்கம், ஸ்பிரிங் எப்படி நின்றது என்று சந்தேகம் வந்தால் கழற்றாத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். சில வண்டிகளில் இரண்டு ஃபுட்ரெஸ்டையும் ஒரே நீள ராடு பிடித்திருக்கும். அது வேறு பாகங்களையும் சேர்த்துப் பிடித்திருக்கிறதா என்று பார்க்காமல் உருவாதீர்கள். உருவத்தான் வேண்டுமென்றால் புது ராடை ஒரு பக்கத்திலிருந்து தள்ளி, பழையதை மறுபக்கம் வெளியேற்றுங்கள். உள்ளே இருப்பது எதுவும் நகராது.

ஃபிரேமில் பிராக்கெட் உட்காரும் இடத்தை வயர் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். போல்ட்டை முதலில் விரலாலேயே சில சுற்று ஏற்றுங்கள். விரலுக்கு ஏறாததை ஸ்பானரால் ஏற்றினால் மரை போய்விடும். எல்லா போல்ட்டையும் லூஸாக மாட்டிவிட்டு, போர்டின் முன்பக்கம் லேசாக உயர்ந்து நிற்கும்படி வைத்து, வண்டியில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். கால் இயல்பாக நிற்கிறது என்றால் இறுக்கலாம்.

இறுக்கும் முன் சிலவற்றைப் பாருங்கள். சைடு ஸ்டாண்ட் முழுதாக விரிந்து மடங்க வேண்டும், அதன் சுவிட்சைப் பிராக்கெட் அழுத்தக் கூடாது. அழுத்தினால் கியர் போட்டதும் எஞ்சின் நிற்கும், காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வோம். கிக்கர் உள்ள வண்டியில் அது முழுச் சுற்றும் வர வேண்டும். சைலன்ஸருக்கும் போர்டின் ரப்பருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். கிராஷ் கார்டு இருந்தால் போர்டு மடியும்போது அதில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

கியர் லிவரையும் மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் ஆமாம். ஃபுட்ரெஸ்டில் கால்விரலை லிவருக்கு அடியில் நுழைத்து மேலே தூக்குகிறோம். போர்டு வந்தபின் அடியில் அவ்வளவு இடம் இருக்காது. அதனால் முன்னால் விரலாலும் பின்னால் குதிகாலாலும் மிதிக்கிற, ஸ்பிளெண்டரில் இருப்பது மாதிரியான ஹீல்-டோ லிவர் வேண்டும். உங்கள் வண்டியில் அது ஏற்கெனவே இருந்தால் வேலை குறைவு.

பழைய லிவரைக் கழற்றும் முன் அதன் பிடியில் உள்ள பிளவும் கியர் ஷாஃப்ட்டும் சேரும் இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். லிவரின் பிடி போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் பல வண்டிகளில் லிவர் வராது, ஏனென்றால் அந்த போல்ட் ஷாஃப்ட்டில் உள்ள பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அதை முழுதாக வெளியே எடுத்த பிறகே லிவரை இழுங்கள். சுத்தியலால் தட்ட வேண்டாம், அடி நேராக கியர்பாக்ஸுக்குள் போகும்.

புது லிவரை மாட்டிவிட்டு, எஞ்சினை அணைத்த நிலையில், பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். குதிகால் பேடு முழுதாகக் கீழே இறங்கிய பிறகும் போர்டில் முட்டாமல் இடைவெளி மிஞ்ச வேண்டும். முட்டினால் கியர் பாதியில் நின்று நழுவும். ஷாஃப்ட்டில் ஒரு பல் தள்ளி மாட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பின் பிரேக் பெடலை என்ன செய்வது?

தயவுசெய்து இந்தப் பதிலை அவசரமில்லாமல் படியுங்கள். போர்டு மாட்டிய வண்டியில் ஆபத்து வருவதாக இருந்தால் பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும்.

போர்டில் கால் வைத்தால் பாதம் பழைய இடத்தைவிட உயரமாகவோ முன்னாலோ நிற்கும். பெடல் பழைய உயரத்திலேயே இருந்தால் காலை முழுதாகத் தூக்கி, போர்டின் விளிம்பைத் தாண்டித் தேட வேண்டும். திடீரென்று ஒரு மீன்பாடி வண்டி குறுக்கே வரும்போது தேட நேரம் இருக்காது. குதிகாலைப் போர்டிலேயே ஊன்றி, முன்பாதத்தை மட்டும் திருப்பி மிதிக்கும் உயரத்துக்குப் பெடல் வர வேண்டும்.

வேலையில் வரிசை முக்கியம்: முதலில் பெடலின் உயரம், அடுத்து ஃப்ரீ பிளே (பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்), கடைசியில் பிரேக் லைட் சுவிட்ச்.

உயரத்தைப் பெடலின் ஸ்டாப்பர் போல்ட்டிலோ, கிட்டில் வரும் உயரமான பெடல் பேடிலோ சரிசெய்யுங்கள். பெடலை வெட்டி வெல்டு வைத்து நீட்ட வேண்டாம். அதன் பிறகு, டிரம் பிரேக் என்றால் பின் சக்கரத்தில் உள்ள ராடின் நட்டைத் திருப்பி ஃப்ரீ பிளேவைச் சரிசெய்ய வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தில் அளவு இருக்கும், பல வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர். அதற்கப்புறம் சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

டிஸ்க் பிரேக்கில் ராடு மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை எப்போதும் அழுத்திக்கொண்டே இருந்தால், ஆயில் திரும்பிப் போகும் சிறு துளை மூடியே இருக்கும். ஓட ஓட ஆயில் சூடாகி விரிந்து, பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் மிகச் சிறிய தளர்வு இருந்தே ஆக வேண்டும். இதில் அனுபவம் இல்லையென்றால், போர்டு வரை வீட்டில் மாட்டிவிட்டு இந்த ஒரு வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

பிரேக் லைட் சுவிட்சுக்கும் பெடலுக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங் இணைப்பு இருக்கும். பெடலை உயர்த்தினால் அந்த ஸ்பிரிங் தளர்ந்து லைட் தாமதமாக எரியும். சுவிட்சின் உடலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்பி, சுவிட்சை மேலே ஏற்றுங்கள். உடலையே திருப்பினால் ஒயர் அறுந்துவிடும். பெடலை லேசாகத் தொட்டதும், பிரேக் பிடிக்கும் முன்பே லைட் எரிய வேண்டும். பின்னால் லாரி வரும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

இன்னொன்று. இன்று பெடலை முழுதாக அழுத்தும்போது போர்டில் முட்டவில்லை என்பது போதாது. டிரம் பிரேக்கின் லைனிங் தேயத் தேயப் பெடல் இன்னும் கீழே இறங்கும். ஒருநாள் பிரேக் முழுதாகப் பிடிக்கும் முன்பே போர்டு பெடலைத் தடுத்துவிடும். அதனால் இன்றே தாராளமாக இடைவெளி விடுங்கள், ஒவ்வொரு சர்வீஸிலும் மறுபடி பாருங்கள்.

எவ்வளவு இறுக்குவது?

சர்வீஸ் புத்தகம் அல்லது கிட் சொல்லும் அளவே முதலில். அது இல்லாதபோது, 8.8 ஸ்டீல் போல்ட்டுக்குப் பொதுவாக எம்8 (8 மில்லிமீட்டர் தடிமன்) என்றால் சுமார் 25 நியூட்டன் மீட்டர், எம்10 என்றால் சுமார் 50. கைக்கணக்கில், 20 சென்டிமீட்டர் ஸ்பானரின் நுனியில் 12, 13 கிலோ எடை தொங்குகிற அளவு அழுத்தம்தான் அந்த 25. அலுமினியத்துக்குள் ஏறும் போல்ட்டுக்கும், மரையில் கிரீஸ் போட்ட போல்ட்டுக்கும் இதைவிடக் குறைவாக.

த்ரெட் லாக்கர் போடும் போல்ட்டில் கிரீஸ் இருக்கக் கூடாது, மரையைத் தின்னரால் துடைத்துவிட்டுப் போடுங்கள். முழுதாக இறுக 24 மணி நேரம் ஆகும். சிவப்பு வேண்டாம், சூடு காட்டாமல் கழற்ற முடியாது. உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு இருக்கும் இடத்தில் த்ரெட் லாக்கரே தேவையில்லை. இறுக்கி முடித்ததும் நட்டின் மேலும் பிராக்கெட்டின் மேலும் சேர்த்துப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுங்கள். கோடு விலகினால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தாலே தெரியும்.

வளைவில் தரையில் உரசுமா?

முன்பைவிடச் சீக்கிரமே உரசும், ஏனென்றால் போர்டு அகலமானது. மாட்டும் முன் பழைய ஃபுட்ரெஸ்டின் நுனி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து வையுங்கள். போர்டின் வெளி விளிம்பு அதைவிடத் தாழ்ந்து போகாமல் இருப்பது நல்லது. ஆளில்லாமல் அளந்தால் போதாது, வழக்கமாக ஏற்றும் ஆளையும் உட்கார வைத்து அளக்க வேண்டும். பின் ஷாக் அப்சார்பர் தளர்ந்த வண்டியென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அம்மா புடவை கட்டி ஒரு பக்கமாக உட்காருவார். பின்னாலும் போர்டு வைக்கலாமா?

இடது பக்கம் லேடீஸ் ஃபுட்ரெஸ்ட் இருந்தால் அதுவே போதும். கொஞ்சம் அகலமானது வேண்டுமென்றால் மாற்றலாம், ஆனால் சாரி கார்டை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-வது விதி, பின்னால் உட்கார்பவருக்குக் கைப்பிடியும் ஃபுட்ரெஸ்டும், உடை சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாத மறைப்பும் வேண்டும் என்கிறது. புது போர்டின் பிராக்கெட் இடிக்கிறது என்று சாரி கார்டை எடுத்துவிட்டு ஓட்டும் வண்டிகளைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். இடித்தால் போர்டை மாற்றுங்கள். இன்னொன்றும் இருக்கிறது: உங்கள் போர்டின் பின்முனை அம்மாவின் கால் வரும் இடத்துக்கு நீளக் கூடாது. அவரையே உட்காரச் சொல்லிப் பாருங்கள்.

செருப்பு போட்டு ஓட்டலாமா?

ஷூ நல்லது. ரப்பர் செருப்பு நனைந்த போர்டில் வழுக்கும், குதிகாலில் கியர் மிதிக்கும்போது செருப்பின் பின்பக்கம் லிவருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். ஷூ முடியாது என்றால் பின்வார் உள்ள செருப்பாவது போடுங்கள்.

முதன்முதலில் எங்கே ஓட்டிப் பார்ப்பது?

விடியற்காலையில் உங்கள் தெருவிலேயே. முதல் கியரில் மெதுவாகப் போய், பார்க்காமலே பின் பிரேக்கைக் கால் கண்டுபிடிக்கிறதா என்று திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அது பழகும் வரை எண்ணூர் ரோடு பக்கமோ மணலி பக்கமோ போக வேண்டாம். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மழையில் தண்ணீர் தேங்கிய ரோட்டில் போய் வந்தால்?

வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் மழைக்காலத்தில் இதைத் தவிர்க்க முடியாது. வீடு வந்ததும் நல்ல தண்ணீரால் போர்டின் அடிப்பக்கத்தையும் கீலையும் கழுவுங்கள். காய்ந்த பிறகு கீலில் ஒரு சொட்டு ஆயில், பெடல் சுழலும் அச்சில் கொஞ்சம் கிரீஸ். போர்டைக் கையால் மடித்துப் பாருங்கள், உப்பும் சேறும் ஏறி இறுகிய கீல் தேவையான நேரத்தில் மடியாது. மேல் ரப்பரில் ஆயில் படக் கூடாது, பட்டால் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள். மீன் ஏற்றும் வண்டி என்றால் ஐஸ் தண்ணீர் வடிவதால் மழை இல்லாத நாளிலும் தினமும் இதைச் செய்ய வேண்டும்.

கழற்றிய பழைய ஃபுட்ரெஸ்டை என்ன செய்வது?

தூக்கி எறிந்துவிடாதீர்கள். போல்ட், வாஷர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் கிரீஸ் தடவி ஒரே பையில் கட்டி வையுங்கள், பழைய கியர் லிவரையும் சேர்த்து. வண்டியை விற்கும்போதும் எஃப்சிக்குக் காட்டும்போதும் பழையபடி மாட்டித்தரச் சொல்வார்கள். போர்டில் ஏதாவது உடைந்தால் அன்றைக்கே வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவரவும் அதுதான் உதவும்.